ரிமோட்டை அழுத்தியும் கார் ஸ்டார்ட் ஆகலையா? ஒயரிங்கில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது? எந்த ஒயரை 'டைரக்ட்' பண்ணவே கூடாது?

மே மாத மதியம். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கமோ, ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியிலோ 2 மணி நேரம் வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்து பாருங்கள். அனல் முகத்தில் அடிக்கும். ஸ்டீயரிங்கில் கை வைக்க முடியாது.

ஏறுவதற்கு 5 நிமிடம் முன்பே இன்ஜினும் ஏசியும் ஓடிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? இந்த ஆசையில்தான் பலரும் வெளியில் ரிமோட் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். ஆன்லைனில் ஆர்டர் போட்டு, உள்ளூர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் கொடுத்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும்.

சில மாதம் கழித்து ஒரு நாள் ரிமோட்டை அழுத்தினால் இண்டிகேட்டர் நாலு தடவை மின்னும். அவ்வளவுதான். வண்டி ஸ்டார்ட் ஆகாது. "அண்ணே, ரிமோட்டுல எடுக்க மாட்டேங்குது" என்று கடைக்குப் போனால், 10 நிமிடத்தில் பதில் வரும்: "ஒரு ஒயர் தொந்தரவு கொடுத்துச்சு, டைரக்ட் பண்ணிட்டேன். இனி பிரச்னை வராது."

உண்மையில் பிரச்னை தொடங்கும் இடம் அதுவாக இருக்கலாம். எந்த ஒயர் டைரக்ட் ஆனது என்பதைப் பொறுத்து, அடுத்த முறை ரிமோட்டை அழுத்தும்போது ஆளில்லாத கார் முன்னால் பாயலாம்.

ரிமோட் ஸ்டார்ட்டர் எப்படி வேலை செய்கிறது, எங்கே பழுதாகிறது, எதை நாமே பார்க்கலாம், எதைத் தொடக் கூடாது? விரிவாகப் பார்ப்போம்.

ரிமோட் ஸ்டார்ட்டர் என்ன செய்கிறது?

சாவி செய்கிற வேலையை ஒயர் மூலம் செய்கிறது. அவ்வளவுதான்.

நாம் சாவியைத் திருப்பும்போது ஆஃப், ஏசிசி, ஆன், ஸ்டார்ட் என 4 நிலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு நிலையிலும் சாவி ஸ்விட்ச் வெவ்வேறு ஒயருக்கு 12 வோல்ட் கொடுக்கிறது. ரிமோட் ஸ்டார்ட்டர் யூனிட்டுக்குள் இருக்கும் ரிலேக்கள் அதே ஒயர்களுக்கு, அதே வரிசையில் கரண்ட் கொடுக்கின்றன.

பட்டனை அழுத்தியதும் யூனிட் முதலில் பாதுகாப்பைப் பார்க்கிறது. பானெட் மூடியிருக்கிறதா? பிரேக் பெடலில் கால் இல்லையா? ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா? கார் நியூட்ரலில் நிறுத்தப்பட்டதா? எல்லாம் சரி என்றால் இக்னிஷனை ஆன் செய்யும். பிறகு காரின் இம்மொபிலைசரைச் சமாளிக்கும். டீசல் வண்டி என்றால் ஹீட்டர் பிளக் சூடாக சில நொடி காத்திருக்க வேண்டும். அதன் பிறகே செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் போகும். இன்ஜின் ஓடத் தொடங்கியதை உணர்ந்ததும் செல்ஃபை விட்டுவிட்டு ஏசி லைனை ஆன் செய்யும்.

இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் அறுந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. எந்த இடம் என்று கண்டுபிடிப்பதுதான் ஒயரிங் பரிசோதனை.

இந்தக் கருவி முதலில் பரவியது கனடா போன்ற குளிர் நாடுகளில். பனியில் உறைந்த காரைச் சூடாக்குவதற்காக. அங்கே பெரும்பாலான கார்கள் ஆட்டோமேட்டிக். கியர் 'பி' நிலையில் இருந்தால் கார் நகராது. நம் ஊரில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை மேனுவல் கியர் கார்கள். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லா எச்சரிக்கைக்கும் காரணம் இதுதான்.

இந்தியாவில் 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூ, கியா செல்டோஸ் போன்ற கார்களின் ஆட்டோமேட்டிக் மாடல்களில், மொபைல் ஆப் வழியாக இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் வசதியைக் கம்பெனியே கொடுத்தது. அது காரின் கம்ப்யூட்டரோடு சேர்த்தே வடிவமைக்கப்பட்டது. வெளியில் வாங்கி மாட்டுவது அப்படி அல்ல. ஏற்கெனவே இருக்கும் ஒயரைக் கீறி, அதில் இன்னொரு ஒயரைச் சேர்ப்பது.

கை வைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

* காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இரண்டும் கட்டாயம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் கல் அல்லது கட்டை வையுங்கள்.
* காருக்கு முன்னும் பின்னும் 10 அடிக்கு ஆள் இருக்கக் கூடாது. குழந்தைகள் பக்கத்திலேயே வரக் கூடாது.
* மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தெரிவதற்குள் மயக்கம் வந்துவிடும்.
* மஞ்சள் நிறக் கனெக்டர், மஞ்சள் உறை போட்ட ஒயர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் லைன். மீட்டர்கூட வைக்காதீர்கள்.
* ஒயரைக் கழற்றி மாட்டும் வேலை என்றால் முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள காரில் சில நிமிடம் காத்திருந்து வேலையைத் தொடங்குங்கள்.
* டெஸ்ட் லேம்ப் வேண்டாம், டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டெஸ்ட் லேம்ப் அதிக கரண்ட் இழுக்கும். தகவல் கொண்டு போகும் மெல்லிய ஒயரில் அதை வைத்தால் கம்ப்யூட்டரே பழுதாகலாம்.

முதல் 5 நிமிடம்: கருவி இல்லாமலே பார்க்கலாம்

முதலில் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சாவியிலும் எடுக்கவில்லை என்றால் ரிமோட் ஸ்டார்ட்டரைத் திட்டிப் பயனில்லை. பேட்டரியோ, காரின் வேறு கோளாறோதான் காரணம்.

சாவியில் எடுக்கிறது, ரிமோட்டில் எடுக்கவில்லையா? ரிமோட்டின் கதவு லாக் பட்டனை அழுத்திப் பாருங்கள். லாக்கும் வேலை செய்யவில்லை என்றால் ரிமோட் பேட்டரி தீர்ந்திருக்கலாம். லாக் வேலை செய்தால் சிக்னல் சரியாகப் போகிறது என்று அர்த்தம். யூனிட்டுக்கு மெயின் லைனும் எர்த்தும் வருகிறது என்றும் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது வேலட் மோடு. சர்வீஸுக்கு விடும்போது ரிமோட் ஸ்டார்ட்டை முடக்கி வைக்க ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். வாட்டர் வாஷ் முடிந்து வந்த மறுநாள் 'ரிமோட் போச்சு' என்று தோன்றினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அடுத்து, இண்டிகேட்டர் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். பல யூனிட்களில் அந்த எண்ணிக்கைதான் பழுதின் பெயர். பானெட் திறந்திருப்பதற்கு ஒரு எண், பிரேக்குக்கு ஒரு எண், ஹேண்ட் பிரேக்குக்கு ஒரு எண் என்று இருக்கும். எந்த எண் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கிட்டுடன் வந்த தாளைத் தூக்கிப் போடாமல் டேஷ்போர்டிலேயே வைத்திருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

மீட்டர் என்ன சொல்ல வேண்டும்?

பேட்டரியில் ஆரம்பியுங்கள். இன்ஜின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற காரில் 12.4 முதல் 12.7 வோல்ட் வரை இருந்தால் நல்லது. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். செல்ஃப் எடுக்கும் நேரத்தில் சுமார் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை முதலில் கவனியுங்கள். சாவியில் தட்டுத்தடுமாறி ஸ்டார்ட் ஆகும் பலவீனமான பேட்டரி, ரிமோட்டில் கை விட்டுவிடும்.

பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே சாவி ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர்கள். மீட்டரின் கறுப்பு முனையை நல்ல எர்த்தில் வைத்து, சிவப்பு முனையை ஒவ்வொரு ஒயரிலும் வையுங்கள். வழக்கமான சாவி ஸ்விட்ச் உள்ள காரில் இப்படித்தான் இருக்கும்:

* பேட்டரி லைன்: சாவி எந்த நிலையில் இருந்தாலும் 12 வோல்ட்.
* ஏசிசி லைன்: ஏசிசி, ஆன் நிலைகளில் 12 வோல்ட். செல்ஃப் எடுக்கும்போது மட்டும் பூஜ்யம்.
* இக்னிஷன் லைன்: ஆன் நிலையில் 12 வோல்ட். செல்ஃப் எடுக்கும்போதும் கரண்ட் நிற்கக் கூடாது.
* செல்ஃப் லைன்: ஸ்டார்ட் நிலையில் மட்டும் 12 வோல்ட். மற்ற நேரம் பூஜ்யம்.

முதலில் சாவியைத் திருப்பி இந்த 4 ஒயரையும் பாருங்கள். பிறகு ரிமோட்டை அழுத்தி, யூனிட் அதே ஒயர்களுக்கு அதே மாதிரி கரண்ட் கொடுக்கிறதா என்று பாருங்கள். சாவியில் வந்து ரிமோட்டில் வராத ஒயர் எதுவோ, பழுது அங்கேதான்.

ஒரு முக்கிய விஷயம். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு காரில் சிவப்பாக இருப்பது இன்னொரு காரில் வேறு வேலை செய்யும். மீட்டரை மட்டும் நம்புங்கள்.

கம்பெனியே புஷ் பட்டன் கொடுத்த கார்களில் இந்த முறை செல்லாது. அங்கே பட்டன் நேரடியாகக் கரண்ட் கொடுப்பதில்லை, கம்ப்யூட்டருக்குத் தகவல்தான் சொல்கிறது. அந்த ஒயரில் 12 வோல்ட் ஏற்றினால் செலவு பல ஆயிரம் ரூபாயில் வரும். அந்த வண்டியை விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. இண்டிகேட்டர் மின்னுகிறது, செல்ஃபே எடுக்கவில்லை

பாதுகாப்புச் சோதனையில் ஏதோ ஒன்று 'கூடாது' என்று சொல்கிறது. பானெட் ஸ்விட்சில் தூசி, துரு. ஹேண்ட் பிரேக் ஸ்விட்ச் ஒயர் கழன்றிருப்பது. பிரேக் பெடல் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு, பின்னால் பிரேக் லைட் எரிந்தபடியே இருப்பது. இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

க்ளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் கார்களில் இன்னொரு காரணமும் உண்டு. அந்த க்ளட்ச் ஸ்விட்சை ரிமோட் ஸ்டார்ட் நேரத்தில் மட்டும் இணைக்கத் தனி ரிலே வைத்திருப்பார்கள். அதன் ஒயர் விட்டுப்போயிருக்கலாம்.

2. செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் ஓடவில்லை அல்லது ஓடி உடனே நிற்கிறது

மீட்டர் போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னுகிறதா? அப்படியென்றால் இம்மொபிலைசர். சாவிக்குள் இருக்கும் சிப்பைக் கார் தேடுகிறது, கிடைக்கவில்லை, பெட்ரோலை நிறுத்துகிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் பைபாஸ் மாட்யூலுக்கும் இடையிலான இணைப்பைப் பாருங்கள்.

இந்தப் படம் மின்னவில்லை என்றால் இரண்டாவது இக்னிஷன் லைனைப் பாருங்கள். சில கார்களில் இக்னிஷனுக்கு 2 ஒயர் உண்டு. ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு விட்டிருப்பார்கள்.

3. இன்ஜின் ஓடிய பிறகும் செல்ஃப் கரகரவென்று சத்தம் போடுகிறது

உடனே நிறுத்துங்கள். இன்ஜின் ஓடுவதை யூனிட் உணரவில்லை. ஆர்பிஎம் சிக்னல் ஒயர் விட்டிருக்கலாம், அல்லது மாட்டியபோது அந்த சிக்னலை யூனிட்டுக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டிருக்கலாம். இப்படியே ஓட்டினால் செல்ஃப் மோட்டாரின் பல்லும் ஃப்ளைவீல் பல்லும் தேய்ந்துவிடும். ரிமோட்டில் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு செலவு வைக்கும்.

4. இன்ஜின் ஓடுகிறது, ஏசி வரவில்லை

ஏசிசி அல்லது ப்ளோயர் லைன் இணைக்கப்படவில்லை. அதற்கு முன், இறங்கும்போது ஏசி ஸ்விட்சை ஆனில் வைத்துவிட்டு இறங்கினீர்களா என்று யோசியுங்கள். பட்டன் தானாக ஆன் ஆகாது.

5. அடிக்கடி ஃபியூஸ் போகிறது

30 ஆம்பியர் ஃபியூஸ் போனால் 30 ஆம்பியர்தான் போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பது, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளை மடித்து வைப்பது போன்ற வேலை வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் எரிய மறுத்தால் ஒயர் எரியும். ப்ளோயரும் இக்னிஷனும் சேர்ந்து இழுக்கும் கரண்டைத் தாங்க மெயின் லைனுக்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் வேண்டும். ஸ்பீக்கருக்குப் போடும் மெல்லிய ஒயரைப் போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

6. ஒரு வாரம் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது

கார் முழுக்க உறங்கிய பிறகு பேட்டரியிலிருந்து போகும் கரண்ட் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். யூனிட் உறங்காமல் 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி காலி. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரத்தில் பாதியாகிவிடும். வெளியூர் போய்த் திரும்பி வரும்போது வண்டி எடுக்காததன் கணக்கு இதுதான்.

7. சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை

எர்த்தைப் பாருங்கள். பெயின்ட் மேலேயே ஸ்க்ரூ போட்டு எர்த் எடுத்திருந்தால் இப்படித்தான் ஆகும். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் வளைய முனை வைத்து முறுக்க வேண்டும். யூனிட் வேலை செய்யும்போது அதன் எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே மீட்டர் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாமல் இருப்பது நல்லது.

வெயிலும் எலியும்: நம்ம ஊர்ப் பிரச்னை

பழுதான ஒயரிங்கைப் பிரித்தால் பெரும்பாலும் கண்ணில் படுவது அவிழ்ந்து தொங்கும் கறுப்பு டேப். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டுக்கு அடியில் அந்த டேப்பின் பசை உருகிவிடும். முறுக்கி மட்டும் விட்ட ஜாயின்ட், குண்டும் குழியுமான சாலையில் ஆடி ஆடித் தளரும். கரண்ட் விட்டு விட்டு வரும். ஜாயின்ட் சூடாகும்.

சரியான ஜாயின்ட் என்றால் ஈயம் பற்றவைத்தோ, கிரிம்ப் முனை போட்டு அழுத்தியோ, அதன் மேல் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டிருக்க வேண்டும். ஒயர்கள் ஸ்டீயரிங் தண்டிலோ பெடலிலோ உரசாதபடி கட்டியிருக்க வேண்டும். பெடலில் தொங்கும் ஒரு ஒயர், பிரேக் மிதிக்கும் நேரத்தில் காலைத் தடுக்கலாம்.

அடுத்தது எலி. மலையடிவாரத்திலும், வயல், தோப்பு, கிடங்கு பக்கத்திலும் கார் நிறுத்துபவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிற்கும் காரில் எலி புகுந்தால், பானெட் ஸ்விட்ச் ஒயர் போன்ற மெல்லிய ஒயர்களை எளிதில் கடித்துவிடும். பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கை இருக்கிறதா என்று பார்ப்பதும் பரிசோதனையில் ஒரு பகுதிதான்.

'டைரக்ட்' பண்ணவே கூடாத ஒயர் எது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

சரிவில் நிறுத்தும்போது முதல் கியரில் போட்டுவிட்டு இறங்குவது நம் ஓட்டுநர்களின் பழக்கம். நல்ல பழக்கமும்கூட. செண்பகத்தோப்புக்கோ அய்யனார் கோவில் அருவிக்கோ போகிறவர்கள் அப்படித்தான் நிறுத்துவார்கள். ஆனால் ரிமோட் ஸ்டார்ட்டர் உள்ள மேனுவல் காருக்கு அந்தப் பழக்கமே எமனாகலாம்.

கியரில் நிற்கும் காரில் செல்ஃப் மோட்டார் சுற்றினால் கார் நகரும். இன்ஜின் பிடித்துக்கொண்டால் தொடர்ந்து ஓடும். உள்ளே பிரேக் மிதிக்க யாரும் இல்லை.

இதைத் தடுக்க, மேனுவல் காருக்கான யூனிட்களில் ரெடி மோடு என்ற முறை இருக்கிறது. ஓட்டுநர் நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஓடும்போதே சாவியை எடுக்க வேண்டும். யூனிட் இன்ஜினை ஓட வைத்திருக்கும். இறங்கி, கதவை மூடி, லாக் செய்ததும் இன்ஜின் நிற்கும். யாரும் பெடலில் கால் வைக்காமலேயே இன்ஜின் ஓடியது என்பதால், கார் நியூட்ரலில்தான் நிற்கிறது என்று யூனிட் முடிவு செய்கிறது. அதன் பிறகு ஏதாவது ஒரு கதவு திறந்தால், ஹேண்ட் பிரேக் இறங்கினால் அந்த அனுமதி ரத்து. ரிமோட் எடுக்காது.

அதாவது கதவு ஸ்விட்ச் ஒயர், ஹேண்ட் பிரேக் ஒயர் இரண்டும்தான் இந்தக் காவலின் கண்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் போட்டால் அதன் ஒயர் எர்த்தைத் தொடும். அந்த ஒயர் பழுதானால் ரிமோட் எடுக்காது. அப்போது சிலர் செய்யும் குறுக்கு வழி, அந்த ஒயரை நிரந்தரமாக எர்த்தில் கட்டிவிடுவது. அதன் பிறகு ஹேண்ட் பிரேக் போட்டாலும் போடாவிட்டாலும் 'போட்டிருக்கிறது' என்றே யூனிட் நம்பும்.

இன்னொரு குறுக்கு வழி இதைவிட மோசம். சில யூனிட்களில் ஒரு சின்ன வளைய ஒயரை வெட்டினாலோ, செட்டிங்கை மாற்றினாலோ, அது 'இது ஆட்டோமேட்டிக் கார்' என்று எடுத்துக்கொள்ளும். ரெடி மோடு கேட்காது. அழுத்தினால் எடுக்கும். கியரில் இருந்தாலும் எடுக்கும்.

ஏஎம்டி கார் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். 2014-ல் மாருதி செலிரியோவில் வந்து பரவிய இந்த வகையில், பெரும்பாலான கார்களுக்கு 'பி' நிலையே கிடையாது. கியரிலேயே வைத்து ஆஃப் செய்யலாம். க்ளட்ச் பெடல் இல்லை என்பதற்காக அதை ஆட்டோமேட்டிக் என்று நினைத்து யூனிட்டை செட் பண்ணக் கூடாது.

ரிமோட் எடுக்காமல் போவது பல நேரம் பழுதே இல்லை, கருவி தன் வேலையைச் செய்கிறது. எதற்காக மறுக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். மறுக்கவே முடியாதபடி செய்துவிடக் கூடாது.

உங்கள் கார் பாதுகாப்பாக இருக்கிறதா? 5 சோதனைகள்

சமதளம், நியூட்ரல், சக்கரத்துக்குக் கல், முன்னால் ஆள் இல்லை. இந்த நிலையில் மட்டும் செய்யுங்கள். கியரில் போட்டு 'எடுக்கிறதா பார்ப்போம்' என்று ஒருபோதும் சோதிக்காதீர்கள்.

1. ரெடி மோடு செட் செய்து லாக் பண்ணுங்கள். பிறகு ஒரு கதவைத் திறந்து மூடி ரிமோட்டை அழுத்துங்கள். எடுக்கக் கூடாது. ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாக ரெடி மோடு போட்டு இதைச் செய்யுங்கள். ஓட்டுநர் கதவை மட்டும் இணைத்திருந்தால், பின் கதவு வழியாக ஏறிய குழந்தை கியரைத் தட்டியது யூனிட்டுக்குத் தெரியாது.

2. கண்ணாடியை இறக்கி வைத்து ரெடி மோடு செட் செய்யுங்கள். கதவைத் திறக்காமல் கையை விட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கி ரிமோட்டை அழுத்துங்கள். எடுக்கக் கூடாது. சோதனை முடிந்ததும் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். கண்ணாடி இறங்கிய காரில் யார் வேண்டுமானாலும் கியரை மாற்றலாம்.

3. ரெடி மோடு போட்ட பிறகு ஒருவரைப் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு விலகி நிற்கச் சொல்லி அழுத்துங்கள். எடுக்கக் கூடாது. இல்லாவிட்டால், ஃபேன் பெல்ட் பக்கம் மெக்கானிக் கை வைத்திருக்கும்போது யாரோ பட்டனை அழுத்தினால் விபரீதம்.

4. ரிமோட்டில் ஓடும் காரில் ஏறி, சாவியைத் திருப்பாமல் பிரேக்கை மிதியுங்கள். இன்ஜின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கண்ணாடியை உடைத்து ஏறுகிற எவரும் காரை ஓட்டிப் போகலாம்.

5. க்ளட்ச் மிதித்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆகிற காராக இருந்தால், நியூட்ரலில் க்ளட்ச் மிதிக்காமல் சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் எடுத்தால் க்ளட்ச் ஸ்விட்ச் நிரந்தரமாக டைரக்ட் ஆகியிருக்கிறது. உடனே சரிசெய்ய வேண்டும்.

ஐந்தில் ஒன்று தவறினாலும், சரியாகும் வரை ரிமோட் ஸ்டார்ட்டரின் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். சாவியில் வழக்கம்போல ஓட்டலாம்.

சட்டம், இன்சூரன்ஸ் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 126-வது பிரிவு நிறுத்தி வைத்த வாகனங்களைப் பற்றியது. பொது இடத்தில் நிற்கும் வாகனத்தின் ஓட்டுநர் இருக்கையில் லைசன்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் இல்லாதபோது வாகனம் தற்செயலாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை ஓரத்திலோ, கோயில் வீதியிலோ ஆளில்லாத காரை ஓட விடும்போது இந்தப் பிரிவு ஞாபகத்தில் இருக்கட்டும். காவலைப் பிடுங்கிய யூனிட் உள்ள மேனுவல் காரை 'தற்செயலாக நகராது' என்று யாரும் வாதாட முடியாது. வீட்டு வளாகத்துக்குள் பயன்படுத்துவதே நல்லது.

வாரண்டி உள்ள காரில் ஒயரைக் கீறினால், அந்த ஒயரிங் தொடர்பான பழுதுக்குக் கம்பெனி வாரண்டியை மறுக்கலாம். இன்சூரன்ஸில், கம்பெனி விலையில் சேராத எலக்ட்ரிக்கல் ஆக்சஸரிகளைத் தனியாகச் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அவற்றுக்குக் காப்பு கிடைக்கும். பில் வாங்கி வையுங்கள்.

திருட்டு விஷயத்தையும் மறக்க வேண்டாம். இம்மொபிலைசரைச் சமாளிக்க, உங்கள் இரண்டாவது சாவியின் சிப்பை டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைப்பது சுலபமான வழி. அந்தச் சிப்பின் சிக்னல் ரிமோட் ஸ்டார்ட் நேரத்தில் மட்டும் ரிலே வழியாக வளையத்தோடு சேர வேண்டும். எப்போதும் சேர்ந்தே இருந்தால், காரில் இம்மொபிலைசர் இல்லாததற்குச் சமம்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?

மதுரை இங்கிருந்து சுமார் 75 முதல் 85 கிலோமீட்டர். ஒவ்வொரு ஒயருக்கும் அங்கே ஓட முடியாது. உள்ளூர்க் கடைதான் கைகொடுக்கும். பல வருடம் ஒயரிங் பார்த்தவர்களுக்கு இந்த வேலை கஷ்டமும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டால் போதும்.

* "அண்ணே, இது மேனுவல் காருக்கான யூனிட்தானா? ரெடி மோடு ஆன்ல இருக்கா?"
* "ஹேண்ட் பிரேக், நாலு கதவு, பானெட், பிரேக் ஒயர் எல்லாம் குடுத்துட்டீங்களா? எங்க ஜாயின்ட் போட்டீங்கன்னு காட்டுங்க."
* "எந்த ஒயரையாவது டைரக்ட் பண்ணியிருக்கீங்களா?"
* "ரிமோட் ஸ்டார்ட்டோட மெயின் ஃபியூஸ் எங்க இருக்கு? அவசரத்துக்கு நானே கழட்டணும்."

பதிலை ஒரு தாளில் எழுதி, மூடுவதற்கு முன் ஒயரிங்கை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு கடைக்குப் போனாலும் தேடும் நேரம் பாதியாகும்.

வீட்டில் இன்னொருவரும் அந்தக் காரை ஓட்டுகிறார் என்றால், கியரில் போட்டு நிறுத்தக் கூடாது என்பதை அவருக்கும் சொல்லிவிடுங்கள். ரிமோட்டைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சரிவில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் வேலட் மோடைப் போட்டுவிட்டு, கியரில் நிறுத்துங்கள். அன்று ஒரு நாள் ரிமோட் வேண்டாம். திரும்பி வந்ததும் எதிரெதிர்க் கதவுகளை அரை நிமிடம் திறந்து வைத்தால் உள்ளே அடைந்திருக்கும் அனலில் பெரும்பகுதி தானாக வெளியேறிவிடும்.